கடைசிப் பாத்தி

தை 6, செவ்வாய்

மகன் வேலை செய்கிற இடத்தில் கொடுத்த புது டயறி. அதில் ஜனவரி என்று இருப்பதை நான் தை என்றுதான் எழுதுவேன். போன வருடத்து டயறியில் ஆட்கள் யார் எவர் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் மறக்காது. ஆனால் நான் போன பிறகு வாசிக்கிறவர்களுக்கும் யார் என்ன செய்தார்கள் என்று விளங்க வேண்டும். ஆகவே இந்த முறை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இது லண்டனில் என் மகன் சுகந்தனின் வீடு. நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மருமகள் வதனி. பேத்தி மிதுரா, ஏழு வயது. ஐப்பசியில் இருந்து வதனியின் தாய் கமலாசனியும் எங்களோடு. கொக்குவிலில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்து இளைப்பாறியவர். விசா முடியப் பங்குனியில் திரும்பிப் போக வேண்டும்.

ரீச்சருக்கு முழங்கால் ஏலாது என்று குசினிக்கு அடுத்த அறையைக் கொடுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பொயிலர். எனக்கும் முழங்கால் ஏலாதுதான், ஆனால் நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. என்னுடையது வீட்டின் பின்பக்கம் பிறகு இழுத்துக் கட்டிய அறை. பொயிலரில் கொதிக்கிற தண்ணீர் குழாய் வழியாக வீடெல்லாம் சுற்றி, ஒவ்வொரு அறைச் சுவரிலும் இருக்கிற ஹீட்டருக்குள் போய், கடைசியாகத்தான் என்னிடம் வரும். கடைசியாக வந்தாலும் இவ்வளவு காலமும் குறை சொல்ல முடியாத சூடு. மிதுரா பால் மறந்த நாளில் இருந்து என்னோடுதான் படுக்கிறாள்.

இன்று காலையில் ஹீட்டரில் கை வைத்தேன். பிரேதத்தின் நெற்றி போலக் கிடந்தது. பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. வதனி வந்து பிள்ளையின் தலையணையை எடுத்துக்கொண்டு போய் ரீச்சரின் கட்டிலில் போட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரெண்டு நாளைக்குத்தானே மாமி" என்றாள், போகிற போக்கில்.

தை 7, புதன்

இரண்டு போர்வை, காலுக்குக் கம்பளி மேசு. பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை.

தை 9, வெள்ளி

வதனியின் இரண்டு நாள் முடிந்துவிட்டது. தலையணை திரும்பி வரவில்லை.

மிதுராவுக்குப் படுக்கையில் நான் சொல்வது கதை இல்லை, நடந்தது. "இண்டைக்கு ஆர், அப்பம்மா?" என்று கேட்டுக்கொண்டு போர்வைக்குள் வருவாள். நான் ஒருவரை எடுத்துச் சொல்வேன். எங்கள் செப்புக்குடத்தைச் சடங்குக்கு வாங்கிக்கொண்டு போய் வயிற்றை நெளித்துக் கொண்டுவந்து, அது முன்னமே நெளிந்தது என்று சொன்ன சின்னாச்சி. எங்கள் பெட்டைக் கோழியின் காலில் சிவப்புத் துணி கட்டித் தன்னுடையது என்று சாதித்த பொன்னுத்துரை. என்ன கிழமை, என்ன சேலை, யார் யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று எல்லாம் சொல்வேன். சின்னாச்சியின் மகளின் கலியாணத்துக்கு நான் போகாமல் விட்ட இடம் வரும்போது பிள்ளை நித்திரையாகிவிடும்.

ரீச்சர் சொல்லுகிற கதையைக் கதவடியில் நின்று கேட்டேன். தண்ணீர்ப் போத்தலை நிரப்பக் குசினிக்குப் போனபோது காதில் விழுந்தது. முயல் நல்லது, ஆமை நல்லது, கடைசியில் நரியும் திருந்தி நல்லதாகிவிட்டது. இதிலே என்ன இருக்கிறது? ஆனால் பிள்ளை சிரித்தது.

ரீச்சரைப் பற்றி நான் பிள்ளைக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த அளவுக்கு எனக்கு மரியாதை தெரியும். இங்கே எழுதுகிறேன். தம்பியின் கலியாண எழுத்தன்று சாட்சிக்குக் கையெழுத்துப் போடும்படி பதிவுகாரர் என்னைக் கூப்பிட்டார். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும் என் பெயரை எழுத எனக்குத் தெரியும், தில்லைநாயகி. பேனையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதி முடித்தவுடன் ரீச்சர் பின்னால் வந்து நின்று என் கையைப் பிடித்தார். "பயப்பிடாதேங்கோ சம்மந்தி, ஆறுதலா எழுதுங்கோ" என்று சபை முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு, முதலாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்வது போல எழுதுவித்தார். அவர் உடுத்தியிருந்தது மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. அந்தப் பதிவில் இருக்கிற "தி" என்னுடையது. "ல்லைநாயகி" அவருடையது.

தை 11, ஞாயிறு

தம்பி பொயிலர் அலுமாரியைத் திறந்து காது வைத்துக் கேட்டான். அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் கல் அகப்பட்டது போல ஒரு அரைப்புச் சத்தம்.

தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப் களைத்துப் போய்விட்டது போல இருக்கிறது, பொயிலர் சூடாக்கினாலும் தள்ளிவிட ஆள் இல்லை என்றான். யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டுமாம். தம்பியின் வாயில் "சொல்ல வேண்டும்" என்று வந்தால் அடுத்த கிழமை என்று அர்த்தம்.

எனக்கு நம்பிக்கை இல்லை. பம்ப் பழுது என்றால் ரீச்சரின் அறை மட்டும் எப்படிக் கொதிக்கும்? பிள்ளையின் உடுப்பை வைக்கிற சாட்டில் போய் அந்த ஹீட்டரில் கை வைத்துப் பார்த்தேன். அப்பளம் காயப்போடலாம்.

உரும்பிராயில் எங்களுக்கு வெங்காயத் தோட்டம். கிணற்றடியில் என்னவர் மிசின் போட்டு இறைப்பார். வாய்க்காலில் வருகிற தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாறிவிடுவது என் வேலை. கிணற்றுக்குக் கிட்ட இருக்கிற பாத்தியின் வாயை நேரத்துக்கு மண் போட்டு அடைக்காவிட்டால் அது குடித்துக்கொண்டே கிடக்கும். கடைசிப் பாத்தி காய்ந்து வெடிக்கும். இதை ஒருவரும் எனக்குப் புத்தகம் வைத்துச் சொல்லித் தரவில்லை.

இந்த வீட்டில் கிணற்றடிப் பாத்தி ரீச்சர். கடைசிப் பாத்தி நான்.

தை 12, திங்கள்

தம்பியும் வதனியும் வேலைக்கு, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு. மத்தியானம் சாப்பிட்ட பிறகு ரீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இஸ்திரிப்பெட்டி எடுக்கப் போனேன். அது அந்த அறையில்தான் இருக்கும், பொய் இல்லை.

ஹீட்டரின் கீழ் மூலையில் ஒரு திருகு இருக்கிறது. குந்தி இருந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. திருகை இனி இறுகாது என்கிற மட்டும் இறுக்கிவிட்டு எழும்பினேன். பாத்தியின் வாயை அடைப்பது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ரீச்சர் அசையவில்லை. மிதுராவின் தலையணையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பிள்ளை இல்லாத நேரத்தில் தலையணையை எதற்குப் பிடிக்க வேண்டும்?

என் அறைக்கு வந்து ஹீட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். சூடு வருகிற வழியில் ஒரு சத்தம் வரும், குழாய் நெட்டி முறிக்கிற சத்தம். அதற்காகக் காத்திருந்தேன். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்த பிறகும் இருந்தேன். வரவில்லை.

இஸ்திரிப்பெட்டியை எடுக்காமல் வந்தது அப்போதுதான் தெரிந்தது. இதை மறதி என்று யாரும் எடுக்கக்கூடாது.

தை 13, செவ்வாய்

விடிய எழும்பினால் வீடு முழுவதும் விறைத்துக் கிடந்தது. மேல் மாடி, கீழ், குசினி, ரீச்சரின் அறை, எல்லாம் என் அறையைப் போல ஆகிவிட்டது. பொயிலரில் சிவப்பு வெளிச்சம் மினுங்கிக்கொண்டு நின்றது. தம்பி பொத்தானை அமத்திப் பார்த்தான், கொஞ்சம் உறுமிவிட்டுத் திரும்பவும் நின்றுவிட்டது. அடுத்த கிழமை என்று நின்றவன் உடனே ஆளைக் கூப்பிட்டான்.

வந்தவன் எங்கள் பெடியன், பெயர் ரூபன். கறாராகக் காசு பேசி வேலை செய்ய வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். ரீச்சரைக் கண்டதும் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தான். நாலாம் வகுப்பில் ரீச்சரிடம் படித்தவனாம். லண்டனில் எத்தனை பொயிலர்காரர் இருக்கிறார்கள், அதிலே இவன்தான் வர வேண்டும்.

வீடு ஐஸ்பெட்டி போலக் கிடக்க, இரண்டு பேரும் கதைத்தார்கள். ரீச்சரின் பிரம்பு, ரீச்சரின் சைக்கிள், ரீச்சர் கொடுத்த நெல்லிக்காய். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தது நான். அவன் ரீச்சரைப் பார்த்துக்கொண்டு குடித்தான். "நல்ல தேத்தண்ணி ரீச்சர்" என்றான்.

பிறகு பொயிலரைத் திறந்தான், ஒவ்வொரு ஹீட்டராகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தான். ரீச்சரின் அறையில் குந்தி இருந்து திருகைப் பார்த்தான்.

"உந்தத் திருகை ஆர் பூட்டினது?" என்று கேட்டான்.

தம்பி வதனியைப் பார்த்தான், வதனி என்னைப் பார்க்கவில்லை, அதுவே எனக்குப் போதும். ரூபன் விளக்கினான். பம்ப் கன நாளாகச் சாகக் கிடந்திருக்கிறது. மிச்சம் இருந்த பலத்தில் பக்கத்து அறை வரைக்கும்தான் ஒழுங்காகத் தண்ணீரைத் தள்ளியிருக்கிறது. அதையும் பூட்டியதும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. நின்ற இடத்திலேயே கொதித்திருக்கிறது, பொயிலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டது, பம்பும் சிக்கிவிட்டது. பம்ப் எப்படியும் போகிறதுதான், பூட்டியதால் இப்போதே போய்விட்டது என்றான்.

நான் வெறும் தேத்தண்ணிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் தம்பி" என்றார் ரீச்சர். "சூடு தாங்கேலாமல் பூட்டினனான்."

தம்பி, "அதுக்கென்ன மாமி, தெரியாமல்தானே" என்றான். என் தம்பி. வதனி தாய்க்குப் போர்வை கொண்டுவந்து போட்டாள். நான் பூட்டினேன் என்று தெரிந்திருந்தால் யார் எனக்குப் போர்வை போட்டிருப்பார்கள்?

புதுப் பம்ப் சனிக்கிழமைதான் வருமாம்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நல்ல பெயர் எடுக்க வழி கிடைத்தால் மற்றவர்களின் குற்றத்தையும் விடமாட்டார்கள் சில பேர்.

தை 14, புதன்

முன் ஹோலில் ஒரு கரண்ட் ஹீட்டரை வைத்து, மெத்தைகளை நிலத்தில் போட்டு எல்லோரும் ஒன்றாகப் படுக்கிறோம். பிள்ளை எனக்கும் ரீச்சருக்கும் நடுவில். என் பக்கம் திரும்பியும் படுத்தாள். ஆனால் கை அந்தப் பக்கம் கிடந்தது.

கதை கேட்டாள். ரீச்சர் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக நான் சொல்வதை மாற்றுவேனா. பொன்னுத்துரையின் கோழியைச் சொன்னேன். சிவப்புத் துணி வந்த இடத்தில் இருட்டுக்குள் இருந்து ரீச்சர் கேட்டார்: "பிறகு கோழியைத் தந்தவனோ?"

"முட்டையைத் தந்தவன். கூழ் முட்டை."

அவர் சிரித்துச் சிரித்து இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் நிற்கவில்லை, எனக்கு நித்திரை கெடுகிறது. என் சால்வையைத் தூக்கி அவரின் மேல் போட்டேன். நித்திரைக்காகத்தான்.

தை 15, வியாழன்

பொங்கல். காஸ் அடுப்பில் பானை வைத்தோம். குசினிக்குள் மட்டும் வெக்கை, எல்லோரும் அங்கேயே நின்றார்கள். முதல் பிடி அரிசியை யார் போடுவது என்று வதனி இரண்டு பக்கமும் பார்த்தாள். ரீச்சர் எனக்கு விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுக்கிற ஆட்களைப் பார்த்து எல்லோரும் எவ்வளவு சந்தோசப்படுகிறார்கள் என்று கவனித்தேன். போட்ட ஆளைப் பார்த்து ஒருவரும் சந்தோசப்படவில்லை.

பால் கிழக்குப் பக்கம்தான் பொங்கி வழிந்தது. நான் போட்ட அரிசி.

தை 17, சனி

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

ரூபன் புதுப் பம்போடு வந்தான். கரண்டை நிற்பாட்டி, பொயிலரின் முன் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரை வாளிக்குள் விட்டான். கறுப்புத் தண்ணீர். பழைய பம்பைக் கழற்றிக் குசினி மேசையில் பேப்பரின் மேல் வைத்தான். இரண்டு கைக்குள் அடங்குகிற சாமான். உள்ளே சுற்ற வேண்டிய சில்லு சேறு பிடித்து அசையாமல் கிடந்தது. இந்தச் சின்னச் சாமானுக்காகவா என் பிள்ளை என்னை விட்டுப் போனது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ரீச்சரும் பக்கத்தில் வந்து நின்று அதையேதான் பார்த்தார்.

புதியதைப் பூட்டி, வாசர் வளையம் மாற்றி, தண்ணீர் நிரப்பினான். பிறகு ஒவ்வொரு அறையாகப் போய் ஹீட்டருக்குள் அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டான். உஸ் என்று கோபக்காரர் மூச்சு விடுகிற சத்தம். மேல் மாடியில் உடுப்புப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கிற சின்ன அறையிலும் காற்றெடுத்தான். அந்த ஹீட்டர் வீடு வாங்கியதில் இருந்து சுட்டதே இல்லை.

பொயிலரைப் போட்டான். சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் என் அறைக் குழாய் நெட்டி முறித்தது. நான் ஓடிப் போய்ப் பார்க்கவில்லை. நடந்துதான் போனேன்.

பிறகு ரூபன் ரீச்சரின் அறைக்குப் போனான். எல்லோரும் பின்னால் போனோம். அதே மூலையில் குந்தி இருந்து அதே திருகைக் குறட்டால் பிடித்து இறுக்கினான். முழுவதும் இல்லை, முக்கால்வாசி. கிட்ட இருக்கிற ஹீட்டரைக் கொஞ்சம் இறுக்கினால்தான் தண்ணீர் கடைசி அறை வரைக்கும் போகுமாம். என் நெஞ்சு பூரித்தது. உரும்பிராயில் என்னவர் மிசினடியில் நின்று "சரி, மாறு" என்று கத்துகிறது காதில் கேட்டது.

ரூபன் எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு ரீச்சரின் பக்கம் திரும்பினான்.

"நீங்கள் அண்டைக்குச் செய்தது சரியான வேலை ரீச்சர். பம்ப் ஒழுங்காய் நிண்டிருந்தால் நானும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பன். ரீச்சருக்குத் தெரியாததோ."

தம்பி தலையாட்டினான். வதனி தாயின் தோளில் கை வைத்தாள். ரீச்சர் திருகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குற்றத்தைக் கொண்டு போனார், சரி, போகட்டும் என்று விட்டேன். இது குற்றம் இல்லை. இது என் மூளை.

"பூட்டினது நான்" என்றேன்.

ரூபன் குறட்டைத் தேடத் தொடங்கினான். அது அவன் கையிலேயே இருந்தது.

"திங்கள் மத்தியானம் நான்தான் பூட்டினனான். வெங்காயத்துக்குத் தண்ணி மாறின எனக்கு உது ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. கிட்டப் பாத்தியை அடைச்சால் கடைசிப் பாத்திக்குப் போகும். பம்ப் செத்தது எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும்."

தம்பிக்கு முகம் சிவந்தது. "ஏனம்மா, சொல்லியிருக்கலாமே, பிள்ளையும் குளிருக்கை கிடந்து" என்று தொடங்கினான். ரீச்சர் கையைக் காட்டி அவனை நிற்பாட்டினார்.

"எனக்குத் தெரியும் சம்மந்தி. நீங்கள் பூட்டேக்கை நான் முழிச்சுத்தான் கிடந்தனான்."

"அப்ப ஏன் திறக்கேல்லை?"

அவர் கட்டிலில் இருந்தார். மிதுராவின் தலையணையை எடுத்து மடியில் வைத்து அதன் உறையை இழுத்துச் சரிசெய்தார்.

"பிள்ளை சூட்டுக்கு வந்ததோ எனக்காக வந்ததோ எண்டு பாக்க ஆசைப்பட்டன். சூடு இல்லாட்டியும் என்னோடை படுக்குமோ எண்டு." உறையின் மூலையை மடித்துக்கொண்டு, "நீங்கள் ஏழு வருசமாய்ப் பக்கத்திலை வைச்சிருக்கிறியள். நான் ரெலிபோனுக்குள்ளை பாத்த பிள்ளை. பங்குனியிலை திரும்பவும் ரெலிபோன்தான்" என்றார்.

இந்தப் பெண், பட்டம் படித்தவர், சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர், என்மேல் பொறாமைப்பட்டிருக்கிறார். வருடக்கணக்காக. என் வாழ்நாளில் எனக்கு ஒருவரும் செய்யாத மரியாதை.

ஆனால் அவர் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கே வீடு முழுவதும் குளிர்ந்துவிட்டது. ஹோலில் பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் படுத்தது. இப்போது இரண்டு அறையிலும் ஒரே சூடு. இனித்தான் தெரியும்.

நான் என் கட்டில் விரிப்பை மாற்றினேன். குசினியால் போகும்போது பார்த்தேன், ரீச்சரும் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

தை 18, ஞாயிறு

பிள்ளை இரண்டு இடமும் வரவில்லை.

நேற்றுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். நான் என் கதவடியில், ரீச்சர் தன் கதவடியில். "மேலை சின்ன றூம் இப்ப சுடுது" என்றாள். வகுப்பில் எல்லாருக்கும் சொந்த அறை இருக்கிறதாம், தனக்கு மட்டும்தான் இல்லையாம். தம்பி உடுப்புப் பெட்டிகளை இழுத்து ஒதுக்கிக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான், ஏறிப் போய்விட்டாள். பாதிப் படியில் நின்று, "கதை நாளைக்குக் கேக்கிறன் அப்பம்மா, அம்மம்மா" என்றாள். என் பெயரை முதலில் சொன்னாள். எழுதி வைக்கிறேன்.

ரீச்சர் கதவைச் சாத்தவில்லை. நானும் சாத்தவில்லை.

தை 19, திங்கள்

வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மத்தியானம் நான் மேல் மாடிக்கு ஏறினேன். முழங்கால் பரவாயில்லை.

சின்ன அறையில் பிள்ளையின் தலையணை, பள்ளிக்கூடத்தில் கீறிய படம் ஒன்று சுவரில். சின்ன ஹீட்டர், பாதி மேசை அளவுதான் இருக்கும். கை வைத்தேன். அப்பளம் காயப்போடலாம். கீழ் மூலையில் அதே மாதிரித் திருகு. குந்தி இருந்து அதைப் பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். ரூபன் அதை இறுக்காமல் விட்டிருந்தான், கை வைத்தால் சுற்றும்.

சுற்றவில்லை. பாத்தியை அடைத்தால் தண்ணீர் வேறு பாத்திக்குப் போகும். பிள்ளை அப்படிப் போகாது, தடிமனும் இருமலும்தான் வரும். எழும்பினேன்.

வெளியே வந்தால் படியின் முக்காலில் ரீச்சர். வந்து நாலு மாதத்தில் ஒரு நாளும் அந்தப் படியில் கால் வைக்காதவர், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"உடுப்பு ஒண்டு எடுக்க வந்தனான்" என்றார். அவரின் உடுப்பு ஒன்றும் மேலே இல்லை.

"நான் இஸ்திரிப்பெட்டி எடுக்க வந்தனான்" என்றேன்.

அவருக்கு வாய் கோணியது. எனக்கும்தான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை, அப்படிச் சொல்ல முடியாது.

ஏறினவருக்கு இறங்கத் தெரியவில்லை. ஒரு படி கீழே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒதுங்கி அவருக்கு முன்னால் ஒரு படி இறங்கி நின்று கையை நீட்டினேன்.

"பயப்பிடாதேங்கோ சம்மந்தி, ஆறுதலா இறங்குங்கோ" என்றேன். வேண்டுமென்றுதான் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடிப்படி வரைக்கும் வந்தார். கீழே வந்த பிறகும் உடனே விடவில்லை.

பார்ப்பதற்குத்தான் சபை இல்லை. ஆகவே அது இன்னும் சரிக்குச் சரி வரவில்லை. பங்குனி வரைக்கும் நாள் இருக்கிறது.